பக்கத்து அரசுப் பள்ளியா, வேன் ஏறும் பள்ளியா, வீட்டுவழிக் கல்வியா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போதுதான் நம் பெற்றோர் ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், தூக்கம் கெடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் இன்றைய விதிகளின்படி பிள்ளையின் வழி பிரிவது மூன்று வயதில் இல்லை. ஆறாம் வகுப்பில் ஒரு முறை, ஒன்பதாம் வகுப்பில் ஒரு முறை, வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பதினான்கு வயதில் ஒரு முறை என்று பிரிகிறது. இந்த மூன்று இடங்களையும் தெரிந்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து முடிவெடுத்தால் பல குழப்பங்கள் தானாகத் தீரும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம். மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.5, மாநிலச் சராசரி 80.1. அதாவது இங்கே ஏராளமான வீடுகளில் பிள்ளையின் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்லித்தர ஆள் இல்லை. சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்களுக்குச் சொல்லும் ஆலோசனையை அப்படியே பென்னாகரத்துக்கும் தளிக்கும் பொருத்தக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

புத்தகம் ஒன்றுதான்

பலருக்கு இன்னும் தெரியாத விஷயத்திலிருந்து தொடங்கலாம். 2011-இல் சமச்சீர் கல்வி முழுமையாக வந்தபின், ஒன்று முதல் பத்து வரை அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி மூன்றுக்கும் பாடத்திட்டம் ஒன்றே, பொதுத்தேர்வும் ஒன்றே. பெயர்ப்பலகையில் 'மெட்ரிக்' என்று இருப்பதால் பாடம் உயர்ந்ததாகிவிடாது. பயிற்றுமொழி, வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் எண்ணிக்கை, வீட்டுப்பாடத்தைப் பார்க்கும் கண்டிப்பு, இவைதான் வேறுபடுகின்றன. ஆங்கில வழிதான் வேண்டும் என்றால் 2012 முதல் பல அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் நடக்கின்றன.

அரசுத் தொடக்கப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதைவிட ஆசிரியர்களை எண்ணுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். குக்கிராமங்களிலும் மலைக் கிராமங்களிலும் இப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளிகளே அதிகம். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். நல்ல ஆசிரியர் அமைந்தால் இந்தக் கலப்பு வகுப்பே பலம், ஏனென்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே வளரும். அமையாவிட்டால் நான்கு, ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் முதலில் அடிபடும். ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். ஆசிரியர் பணியிடம் எதுவும் காலியாக இருக்கிறதா? இருப்பவர் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்? கடந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள்? பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் இதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்வார்கள்.

அதற்கும் மேலான சோதனை பிள்ளையிடமே இருக்கிறது. எந்தப் பள்ளியானாலும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்கு ஒன்று கொடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு. நாடு முழுவதும் கிராமங்களில் எடுக்கப்படும் அசர் ஆய்வு பயன்படுத்துவதும் ஏறக்குறைய இதே அளவுகோல்தான். பத்து நிமிடம் போதும். இதில் தடுமாறும் பிள்ளைகள் ஒரு வகுப்பில் பாதிப் பேர் இருந்தால், அந்தப் பள்ளியின் கட்டணமும் சீருடையும் எதுவானாலும் வேறு இடம் தேடுவது நல்லது.

ஆறாம் வகுப்பு: பெரிய கணக்கு இங்கேதான்

ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்து 'நல்ல பள்ளி' என்று வேன் ஏற்றிவிடுவது இந்த இரு மாவட்டங்களிலும் வழக்கமாகிவிட்டது. பணக் கணக்கில் பார்த்தால் இது தலைகீழ் முடிவு. அரசு தரும் பெரிய சலுகைகள் எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்துதான் எண்ணப்படுகின்றன.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளையானால் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண், ஆண் பிள்ளையானால் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 36,000.

இதோடு என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வையும் சேருங்கள். அரசு, உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கான டிரஸ்ட் என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாகிறார்கள்.

ஒரே ஆண்டு தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினாலும் 7.5 போய்விடும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துச் சேர்ப்பது. அங்கே தமிழ் வழியில் படித்தால் மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் கிடைக்கும், 7.5 கிடைக்காது. சேர்க்கும் அன்றே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அரசு வேலை கனவாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பின், பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும், ஒன்றாம் வகுப்பிலிருந்து சான்று கேட்கிறார்கள். ஆங்கில வழிப் பிரிவுக்கு மாற்றும் கையெழுத்தைப் போடும் முன் இதையும் யோசியுங்கள்.

தனியார் பள்ளியில் 25 சதவீதம்

தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்தவர்கள் முதலில் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டைப் பார்க்க வேண்டும். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்கியாக வேண்டும். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயதும், ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயதும் நிறைந்திருக்க வேண்டும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. நலிவடைந்த பிரிவில் விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., எம்.பி.சி., பி.சி. பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்குச் சாதிச் சான்று போதும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் கடைசியில் இணையத்தில் திறக்கும். 2025-26-இல் மத்திய அரசின் நிதி வராமல் அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஆகவே பிறப்புச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிட ஆதாரம் நான்கையும் மார்ச்சுக்குள் இ-சேவை மையத்தில் வாங்கித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பங்கள் வீணாவது பெரும்பாலும் பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து வேறுபடுவதால்தான்.

ஓசூர், தளி, சூளகிரிப் பக்கம் தெலுங்கு, கன்னட மொழிச் சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. விண்ணப்பிக்கும் முன் பள்ளி எந்த வகை என்று பாருங்கள்.

இடம் கிடைத்தாலும் அரசு கட்டுவது கல்விக் கட்டணத்தை மட்டும்தான் என்று பள்ளிகள் கையை விரிக்கின்றன. வேன், சீருடை, நோட்டு, 'ஆக்டிவிட்டி' என்று வருவது பெற்றோர் தலையில். எட்டாம் வகுப்போடு இந்த ஒதுக்கீடும் முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்கும்போதுதான் பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு ஆட்டம் காண்கிறது. இங்கே பயப்படத் தேவையில்லை. இந்த ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதமும் உண்டு, மாத உதவித்தொகையும் உண்டு. ஒதுக்கீட்டில் சேர்ந்ததற்கான ஆணையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கட்டணம் கட்டிப் படிப்பவர்கள், 2009 சட்டத்தின்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு விதித்த தொகையைக் கேட்டுப் பாருங்கள். ரசீதில் இருக்கும் தொகையும் கையில் வாங்கும் தொகையும் ஒன்றா என்று பாருங்கள். வேன் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். காலை ஏழு மணிக்கு ஏறி மாலை ஆறு மணிக்கு இறங்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் வாசிக்கத் தெம்பு இருக்காது. போக வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் அந்தப் பள்ளியின் மேன்மை வண்டியிலேயே கரைந்துவிடும் என்பதே எங்கள் கணிப்பு.

சி.பி.எஸ்.இ. பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ஓசூரில் வேலை பார்த்து அடிக்கடி பெங்களூருக்கோ வேறு மாநிலத்துக்கோ மாற வேண்டிய குடும்பத்துக்கு அது வசதி. ஊரிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு அதில் தனிப் பலன் குறைவு.

விடுதிப் பள்ளிகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு விடுதிப் பள்ளி என்பது இந்த வட்டாரத்தில் பெரிய தொழில். மதிப்பெண் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பாடம் நடக்கிறதா, பதினொன்றில் பதினொன்று நடக்கிறதா? அடுத்த ஆண்டுப் பாடத்தை இரண்டு ஆண்டு அரைப்பது பழைய நோய். 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது இந்த நோய்க்கு மருந்தாகத்தான். 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் சரிபாதி வருகிறது. சேர்க்கும் முன் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரின் இயற்பியல் நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.

கட்டணம் இல்லாத வழியும் உண்டு. மாவட்ட அரசு மாதிரிப் பள்ளி உண்டு உறைவிடமாக நடக்கிறது. இடைநின்ற, பெற்றோர் வேலைக்கு வெளியூர் போகும் பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா. பொங்கல் முடிந்து பெங்களூருக்கோ கேரளாவுக்கோ கட்டட வேலைக்குப் போகும் பென்னாகரம், ஏரியூர்க் குடும்பங்கள் பிள்ளையைக் கூடவே கூட்டிப் போவதற்கு முன் வட்டார வள மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வீட்டுவழிக் கல்வி

சட்டம் என்ன சொல்கிறது? 6 முதல் 14 வயது வரை பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுவழிக் கல்விக்குத் தனி அங்கீகாரமும் இல்லை, வெளிப்படையான தடையும் இல்லை. நடைமுறையில், டிசி வாங்கியதும் பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளாவிட்டால் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பில் பெயர் வரும், ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள். பிள்ளை என்ன படிக்கிறது என்பதை நோட்டுகளோடு காட்டுங்கள்.

இந்த இரு மாவட்டங்களில் அந்தக் கணக்கெடுப்பு அவசியமானது. குழந்தைத் திருமணத்துக்காகவும் தோட்ட வேலைக்காகவும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது இங்கே இன்னும் ஓயவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணை நிறுத்திவிட்டு 'வீட்டில் படிக்கிறாள்' என்று சொல்லும் வீட்டில் அவள் பெரும்பாலும் அடுப்படியிலும் மாட்டுக் கொட்டகையிலும்தான் இருக்கிறாள். அதை வீட்டுவழிக் கல்வி என்று யாரும் அழைக்கக் கூடாது. பக்கத்தில் அப்படி நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

உண்மையாகவே செய்ய நினைப்பவர்களுக்கு முதல் கேள்வி, பெரியவர் ஒருவர் தினமும் மூன்று மணி நேரம் பிள்ளையோடு உட்கார முடியுமா என்பது. கட்டணம் இல்லை என்பதால் செலவில்லை என்று நினைக்கிறார்கள். அந்தப் பெரியவரின் அரைநாள் கூலிதான் இதன் கட்டணம்.

எட்டு முதல் பதினொரு வயதுக்கு இந்த அளவு தாங்கும்: வாய்விட்டு வாசிப்பும் ஒரு பக்கம் கையெழுத்தும் 45 நிமிடம், கணக்கு 45 நிமிடம், ஆங்கிலம் 40 நிமிடம். மீதியை அறிவியலும் சமூக அறிவியலும் வயலிலும் சந்தையிலும் எடுத்துக்கொள்ளட்டும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி விலையை வைத்துச் சதவீதம் கற்பிக்கலாம். புத்தகங்கள் இணையத்தில் இலவசம், மணற்கேணி செயலியிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் பாடங்கள் இருக்கின்றன. ஏழாம் வகுப்பு வரை பாடம் மூன்று பருவமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு பருவ முடிவிலும் வெளியாள் ஒருவரை, முடிந்தால் ஓய்வுபெற்ற ஆசிரியரை, வினாத்தாள் எடுக்கச் சொல்லுங்கள். பெற்றோரே எடுத்தால் பிள்ளைக்குத் தெரிந்ததுதான் கேள்வியாக வரும்.

எங்கே சறுக்குகிறது? ஐந்தாம் வகுப்புப் பின்னங்களில். வாழ்க்கைக் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை முக்கால், அரைக்கால் வாயால் சொல்லும். வெவ்வேறு பகுதி கொண்ட பின்னங்களைக் கூட்டத் தெரியாது. அது இல்லாமல் ஏழாம் வகுப்பு இயற்கணிதம் ஏறாது. அடுத்த சறுக்கல் எழுதும் வேகம். பத்தாம் வகுப்புத் தேர்வு மூன்று மணி நேரம். பேசிப் பேசியே படித்த பிள்ளை ஒரு மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும். பன்னிரண்டு வயதிலிருந்து வாரம் ஒரு நாள் கடிகாரம் வைத்து எழுத வையுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதையும் இந்த மண்ணே காட்டியிருக்கிறது. தருமபுரி மாவட்டம் நாகர்கூடலில் புவிதம், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் துளிர் என்ற மாற்றுக் கல்வி மையங்கள். இரண்டும் கைவேலையோடும் மண்ணோடும் சேர்த்துக் கற்பித்து வளர்ந்த இடங்கள். தனியாக வீட்டில் தொடங்கும் முன் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

சான்றிதழுக்கு இரண்டு வழி. மாநில வாரியத்தில் பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்பு இ.எஸ்.எல்.சி. தனித்தேர்வு, பதினான்கரை நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு. விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண், அதற்கான பயிற்சி வகுப்பில் பெயர் பதிவு செய்யாமல் விட்டுத் தேர்வையே இழப்பவர்கள் உண்டு. அறிவிப்பு வருகிறதா என்று முந்தைய ஆண்டு ஜூன் முதலே கவனியுங்கள்.

மற்றது தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், பாடத்துக்கு 33 தேர்ச்சி. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. தேர்வு ஆண்டுக்கு இருமுறை. வீட்டிலிருந்தே எழுதித் தரும் ஒப்படைப்புப் பணிக்கு 20 சதவீத மதிப்பெண். பத்தாம் வகுப்பைத் தமிழிலும் எழுதலாம். பத்து முடித்த அடுத்த ஆண்டே பன்னிரண்டின் ஐந்து பாடத்தையும் முடித்துவிட முடியாது, இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். பேருந்து நிலையத்தில் ஒட்டியிருக்கும் 'நேரடிப் பத்தாம் வகுப்பு பாஸ்' சுவரொட்டியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பெயரில் 'தேசிய', 'திறந்தநிலை' என்று வைத்துக்கொண்டு அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் விற்பவர்கள் இருக்கிறார்கள். என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் நீங்களே பதியலாம்.

இந்த வழியில் நீட் எழுதலாம், கல்லூரியும் போகலாம். ஆனால் 7.5 சதவீதம், மாதம் 1,000 ரூபாய், என்.எம்.எம்.எஸ். எதுவும் இல்லை. தனித்தேர்வராக எழுதியவருக்குத் தமிழ் வழி 20 சதவீதமும் இல்லை. நிலம், தொழில், படித்த பெற்றோர் என்று பின்பலம் உள்ள வீடு இந்த இழப்பைத் தாங்கும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. அந்த வீடுகளுக்கு, பக்கத்து அரசுப் பள்ளியும் மாலையில் ஒரு மணி நேரம் யாராவது உட்கார்ந்து வாசிக்க வைப்பதும் வீட்டுவழிக் கல்வியைவிடப் பல மடங்கு பாதுகாப்பு என்று உறுதியாகச் சொல்வோம்.

தொடங்கிவிட்டு முடியவில்லை என்றால் திரும்பும் வழி திறந்தே இருக்கிறது, ஆனால் எட்டாம் வகுப்பு வரைதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, பள்ளியே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. ஆதார், பழைய எமிஸ் எண், டிசி இருந்தால் ஒரே நாளில் வேலை முடியும். ஒன்பதாம் வகுப்பில் இந்த உரிமை கிடையாது. ஆகவே சந்தேகத்தில் இருக்கும் வீடுகள் ஐந்தாம் வகுப்பு வயது வரை முயன்று பார்த்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு ஜூன் மாதம் அரசுப் பள்ளி திறக்கும் வாரத்திலேயே சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்ந்தால் 7.5 சதவீதம் ஒரு நாளும் குறையாமல் கையில் இருக்கும்.